கோவில் மண்டபத்துல எலிப்டிக்கல் மெஷினா? வேணும்னுதான் நான் சொல்வேன்

முருகன் துணை.

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமா படிக்காதீங்க, நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படிங்க. படிச்சிட்டுத் திட்டணும்னா திட்டுங்க, பரவாயில்லை. ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

விஷயம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். நம்ம கோவிலுக்கு வழக்கமா வர்ற ஒரு குடும்பம் சின்ன கொண்டோ வீட்டுக்கு மாறிப் போறாங்க. அவங்ககிட்ட இருந்த எலிப்டிக்கல் மெஷினைக் கோவிலுக்கே கொடுக்கறோம்னு சொன்னாங்க. நல்ல நிலையில இருக்கிற மெஷின். மண்டபத்துக்குப் பின்னால நாற்காலி மேசை அடுக்கி வைக்கிற அறையில ஒரு மூலையில போட்டுக்கலாமான்னு இளைஞர் பகுதித் தம்பிகள் கேட்டாங்க. அவ்வளவுதான். புலனக் குழுவுல மூணு வாரமா இதே பேச்சு. "கோவில் என்ன ஜிம்மா?" "அடுத்து நீச்சல் குளமா?" "சாமி கும்பிட வர்றவங்க சாமி கும்பிட்டுப் போனா போதும்." இப்படி.

முடிவு எடுக்க வேண்டியது நிர்வாகம். நான் நிர்வாகத்துல இல்லை. அன்னதானத்துல கரண்டி பிடிக்கிற ஒரு தொண்டூழியர், அவ்வளவுதான். ஆனா கரண்டி பிடிக்கிறவனுக்கும் கண்ணு இருக்கு. அந்தக் கண்ணுல பட்டதை வச்சுத்தான் சொல்றேன்: அந்த மெஷின் வரட்டும்.

பந்தியைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. முன்னெல்லாம் வயசானவங்களுக்குன்னு சுவர் ஓரமா நாலு நாற்காலி போடுவோம். மத்தவங்க எல்லாரும் பாயில வரிசையா உட்காருவாங்க. இன்னைக்குப் பாயில யாரு உட்கார்றா? பிள்ளைங்க மட்டும்தான். நாற்பது வயசுக்காரர் கூட "அண்ணே, முட்டி மடங்க மாட்டேங்குது, ஒரு நாற்காலி"ன்னு கேட்கிறார். இலை போட்ட பந்தி போய், மேசை நாற்காலிப் பந்தி ஆயிடுச்சு. வசதிக்காக மாறினதுன்னு நினைக்கிறோம். இல்லை. உடம்பு முடியாம மாறினது.

அதே பந்தியில இன்னொன்னும் பார்க்கிறேன். பாயசம் ஊத்தப் போனா கையை வச்சு இலையை மறைக்கிறவங்க வருஷா வருஷம் கூடிக்கிட்டே வர்றாங்க. "இனிப்பு நீர் இருக்குப்பா." முன்னெல்லாம் தாத்தா பாட்டி சொன்ன வார்த்தை. இப்ப முப்பத்தஞ்சு வயசுத் தங்கச்சி சொல்லுது. என்கூட பந்தி பரிமாறின ஒரு அண்ணன், ஐம்பத்திரண்டு வயசு, இப்ப வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ் போறார். தடவைக்கு 4 மணி நேரம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரணும்னு ஆசைப்படறார். உடம்பு விடமாட்டேங்குது.

இது நம்ம கோவில் கதை மட்டும் இல்லை. சுகாதார அமைச்சோட 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வுப்படி, மலேசியாவுல வயது வந்தவங்கள்ல 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை, இல்லைன்னா உடல் பருமன். அதாவது பாதிக்கும் மேல. இனவாரியாப் பார்த்தா நீரிழிவுல முன்னால நிற்கிறது நாமதான். எதுல எதுலயோ முன்னேறணும்னு மேடையில பேசறோம். இதுல யாரும் பேசாமலே முன்னேறிட்டோம்.

ஏன் இப்படி? நம்ம தாத்தா பாட்டி சாப்பிட்ட சோத்தைத்தான் நாமும் சாப்பிடறோம். சொல்லப்போனா அவங்க நம்மளைவிடக் கூடவே சோறு சாப்பிட்டவங்க. ஆனா விடியறதுக்கு முன்னால எழுந்து, மேடும் பள்ளமுமா நிரை நிரையாப் பால் மரம் வெட்டி, வாளி வாளியாப் பாலைத் தூக்கிட்டு நடந்தவங்க. அந்த உழைப்புக்கு அந்தச் சோறு சரியா இருந்துச்சு. நாம தோட்டத்தை விட்டு வந்துட்டோம், சோத்து அளவை மட்டும் கூடவே கொண்டு வந்துட்டோம். லாரி ஓட்டறவர் உட்கார்ந்திருக்கார். பாதுகாவலர் உட்கார்ந்திருக்கார். ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கோம். கிராப் ஓட்டற தம்பி பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கான். சாயந்திரம் மாமாக் கடையில வேற உட்கார்றோம்.

"அதுக்குத்தான் நடக்கச் சொல்றாங்களே, மெஷின் எதுக்கு?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நடக்க முடிஞ்சவங்க நடங்க. செலவில்லாத, ரொம்ப நல்ல பயிற்சி அது. ஆனா நடக்க முடியாதவங்களைப் பத்தி யோசிங்க. எடை கூடினதால முட்டி வலி. முட்டி வலியால நடக்கறதில்லை. நடக்காததால எடை இன்னும் கூடுது. எடை கூடக் கூட முட்டி இன்னும் மோசம். இந்தச் சுழல்ல மாட்டிக்கிட்ட அக்காக்களும் அண்ணன்களும் நம்ம கோவில்ல எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. இதுக்கு மேல நம்ம ஊர் வெயில், சாயந்திர மழை, தாமான்ல நடைபாதையை அடைச்சு நிறுத்தின கார், தெரு நாய். பொம்பளைப் பிள்ளைங்க இருட்டினப்புறம் தனியா நடக்கப் பயப்படறாங்க. இதெல்லாம் சாக்கு இல்லை, உண்மையான தடை.

எலிப்டிக்கல் மெஷின் பார்க்காதவங்களுக்குச் சொல்றேன். நின்னுக்கிட்டே மிதிக்கிற மெஷின். சில கடைகள்ல கிராஸ் டிரெய்னர்னு சொல்வாங்க. ரெண்டு மிதிபலகை, ரெண்டு நீளக் கைப்பிடி. பாதம் முட்டை வடிவத்துல சுத்தி வரும், கை முன்னும் பின்னும் போகும். 1995ல பிரீகோர்ங்கிற அமெரிக்க நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதுல முக்கியமான விஷயம் ஒன்னுதான்: பாதம் பலகையை விட்டு மேல எழும்பறதே இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலயும் நம்ம உடல் எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு வேகத்தாக்கம் காலுல இறங்கும். 90 கிலோ இருக்கிறவர் திடீர்னு ஓட ஆரம்பிச்சா முட்டி என்ன ஆகும்? எலிப்டிக்கல்ல அந்த இடி இல்லை. ஆனா இதயம் நல்லா வேலை செய்யும், மூச்சு வாங்கும், தொடை, பிட்டம், தோள், கை எல்லாம் சேர்ந்து உழைக்கும். முட்டி வலிக்காரங்கள்ல பல பேர் தாங்கிக்கிற பயிற்சி இது. அதனாலதான் டிரெட்மில் வேண்டாம், இது வேணும்னு சொல்றேன்.

முட்டியைப் பத்தி இன்னொரு கணக்கு. முட்டித் தேய்மானம் உள்ளவங்களை வச்சு அமெரிக்காவுல செஞ்ச ஆய்வு ஒன்னு 2005ல வந்துச்சு. எடையில 1 கிலோ குறைஞ்சா, நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற பாரம் 4 கிலோ குறையுதுன்னு அதுல கண்டாங்க. அப்படின்னா 5 கிலோ குறைச்சா அடிக்கு 20 கிலோ. ரெண்டு அரிசி மூட்டை, மூட்டைக்கு 10 கிலோ. அதை முட்டியில கட்டிக்கிட்டு நடக்கறோம்னு நினைச்சுக்குங்க. அவிழ்த்து வச்சிட்டு நடந்தா எப்படி இருக்கும்?

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். மெஷினுக்கு ஆதரவா பேசறவன் இதை மறைக்கக் கூடாது.

மெஷின் மட்டும் எடையைக் குறைக்காது.

கணக்குப் பாருங்க. 70 கிலோ எடை உள்ள ஒருவர் மிதமான வேகத்துல 30 நிமிடம் எலிப்டிக்கல் மிதிச்சா, ஏறக்குறைய 200 கலோரி செலவாகும். வேகமா மிதிச்சா கூடும். மெஷின் திரையில 350, 400னு காட்டும், நம்பாதீங்க. பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். அதுவும் நம்ம எடையைப் பதிவு செய்யாம மிதிச்சா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சரி, 200னு வச்சுக்குவோம். ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. அதுகூட கெட்டிப்பால் ஊத்தின ஒரு தே தாரிக். அரை மணி நேரம் வேர்த்து மிதிச்சதை மாமாக் கடையில பத்து நிமிஷத்துல ஒன்னுக்கு ரெண்டாத் திருப்பி வாங்கிடலாம்.

உடம்புக் கொழுப்பு 1 கிலோங்கிறது ஏறக்குறைய 7,700 கலோரி. வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 200னா வாரம் 1,000. சாப்பாட்டுல எதையும் மாத்தலைன்னா 1 கிலோ குறையவே எட்டு வாரம் ஆகும். "ஒரே மாசத்துல 10 கிலோ"ன்னு முகநூல்ல விளம்பரம் போடறவங்க கணக்கு எங்க இருந்து வருதுன்னு அவங்களைத்தான் கேட்கணும். வயித்துல பிளாஸ்டிக் தாள் சுத்திக்கிட்டு வேர்க்கிறதும் அப்படித்தான். போறது தண்ணி. ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சா திரும்பி வந்துடும். வயித்துக் கொழுப்பை மட்டும் குறைக்கிற மெஷின்னு உலகத்துல ஒன்னும் இல்லை.

"அப்ப எதுக்கு மிதிக்கணும்?"னு கேட்காதீங்க. ரெண்டு காரணம் இருக்கு.

ஒன்னு, சாப்பாட்டையும் சேர்த்து மாத்தினா கணக்கு மாறுது. தினமும் 200 மிதிச்சு, ஒரு தே தாரிக்கை தே ஓ கோசோங்கா மாத்தி, ராத்திரிச் சோத்துல ஒரு கரண்டி குறைச்சா, எட்டு வாரம் மூணு வாரமாச் சுருங்கும். மெதுவாத்தான் குறையும். ஆனா குறைஞ்சது திரும்பி வராம இருக்க உடற்பயிற்சிதான் காவல்.

ரெண்டாவது, எடை குறையாட்டியும் பலன் இருக்கு. இதுதான் பல பேருக்குத் தெரியாதது. 2002ல அமெரிக்காவுல வந்த பெரிய ஆய்வுல, நீரிழிவோட விளிம்புல இருந்தவங்க எடையை 7 விழுக்காடு குறைக்கிறதையும் வாரத்துக்கு 150 நிமிடப் பயிற்சியையும் குறிக்கோளா வச்சு நடந்தப்ப, நீரிழிவு வர்றது 58 விழுக்காடு குறைஞ்சது. அது வெள்ளைக்காரங்களுக்குன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. சென்னையில டாக்டர் அ. இராமச்சந்திரன் குழு நம்ம மக்களை வச்சே செஞ்ச ஆய்வு 2006ல வந்துச்சு. சாப்பாட்டு மாற்றமும் உடலுழைப்பும் மட்டுமே நீரிழிவு வர்றதை 28.5 விழுக்காடு குறைச்சது. அதுவும் எடை பெரிசா குறையாமலே. தசை வேலை செய்யும்போது இரத்தத்துல இருக்கிற சர்க்கரையை அது எடுத்துக்குது. அதனால தராசு முள் நகரலைன்னு ரெண்டு வாரத்துல விட்டுடாதீங்க. முள்ளுக்குத் தெரியாத வேலை உள்ள நடக்குது.

இப்ப மறுப்பு சொன்னவங்களுக்குப் பதில். மரியாதையோடதான் சொல்றேன். எல்லாரும் இந்தக் கோவிலுக்காக உழைச்சவங்க.

"கோவிலைச் சுத்தி வந்தாலே போதும், அதுவே உடற்பயிற்சி."

பிரகாரம் ஒரு சுத்து 60 மீட்டர்னு வச்சுக்குவோம். மூணு சுத்து 180 மீட்டர். அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிடம் மிதமான பயிற்சி வேணும்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. 108 சுத்து வந்தா ஆறரை கிலோமீட்டர், அது சரி, யார் தினமும் வர்றா? அதைவிட முக்கியம், பிரதட்சணம்னா என்ன? மெதுவா, மனசு சாமி மேல இருக்க, அடி மேல அடி வச்சு வர்றது. கையில கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு, மூச்சு வாங்க, மத்தவங்களை இடிச்சுக்கிட்டு வேக நடை போட்டா அது பிரதட்சணமா? பிரகாரத்தை ஜிம்மாக்கறதைவிட, பின்னறையில ஒரு மெஷின் இருக்கிறது கோவிலுக்கு மரியாதை.

இன்னொன்னு. இனிப்பு நீர் இருக்கிறவங்க பல பேருக்குப் பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும். மத்தியான வெயில்ல சுட்ட கல்லுல வெறுங்காலோட சுத்தினா, கொப்புளம் வந்தது கூடத் தெரியாது. ஆறாத புண்ணா மாறினப்புறம்தான் தெரியும். விரல் எடுத்த கதை நம்ம எல்லார் குடும்பத்துலயும் ஒன்னு இருக்கு. அவங்க காலைலயோ சாயந்திரமோ சுத்துங்க. உடற்பயிற்சியைச் சப்பாத்துப் போட்டுக்கிட்டு செய்ங்க.

"கோவில் புனிதம் கெட்டுடும்."

நம்ம மண்டபத்துல இரத்த தானம் நடக்குது. பிள்ளைங்களுக்கு டியூசன் நடக்குது. கல்யாண விருந்து நடக்குது. அப்பெல்லாம் கெடாத புனிதம், ஒருத்தர் ஓரமா நின்னு மெஷின் மிதிச்சா கெட்டுடுமா? தோட்டத்துக் கோவில் திடல்ல பையன்களுக்குச் சிலம்பம் கத்துக்கொடுத்த காலத்தைப் பெரியவங்க மறந்திருக்க மாட்டீங்க. உடம்பைப் பழக்கறது கோவிலுக்குப் புதுசு இல்லை. திருமூலரும் உடம்பைப் பேணறதை உயிரைப் பேணறதோட சேர்த்துத்தான் பேசியிருக்கார்.

சன்னிதியில வைக்கச் சொல்லலை, கொடிமரத்துக்கிட்ட வைக்கச் சொல்லலை. மண்டபத்துக்குப் பின்னால, தனி வாசல் உள்ள அறை. சப்பாத்துதான் பிரச்சினைன்னா, அந்த அறைக்குன்னே ஒரு ஜோடி சுத்தமான சப்பாத்து பையில கொண்டு வந்து, உள்ள வந்து போட்டு, உள்ளயே கழட்டிடலாம். பூஜை நேரத்துல அறையைப் பூட்டிடலாம். பாட்டுச் சத்தம் வேண்டாம்.

"ஆம்பளை பொம்பளை ஒரே அறையில..."

நேரம் பிரிச்சுக்கலாம். செவ்வாய், வியாழன், சனி பெண்களுக்கு. மத்த நாள் ஆண்களுக்கு. மகளிர் பகுதி அக்காக்கள்கிட்ட கேட்டேன். "தனியா நேரம் கொடுத்தா நாங்க வர்றோம்"னு சொன்னாங்க. ஜிம்முக்குப் போக அவங்கள்ல நிறைய பேருக்குக் கூச்சம். இறுக்கமான உடுப்பு, கண்ணாடிச் சுவர், சத்தமான பாட்டு, மாசக் கட்டணம். கோவில்னா வீட்டுல விடுவாங்க, பயமில்லாம வருவாங்க.

"ரெண்டு மாசத்துல துணி காயப் போடற கொடியா மாறிடும்."

இதுதான் எனக்கும் இருக்கிற பயம். வீடு வீடாப் போய்ப் பார்த்தா தெரியும். ஆயிரம், ரெண்டாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கின மெஷின் மேல துண்டு காயுது. வீட்டுல ஏன் அப்படி ஆகுது? தனியா மிதிக்கிறதால. கூட ஆள் இல்லை, கேட்க ஆள் இல்லை. கோவில்ல ஆள் இருக்கு. "ஏன் அக்கா நேத்து வரலை?"ன்னு கேட்க ஆள் இருக்கு. அதிகாலை அபிஷேகத்துக்கு நாலு மணிக்கு எழுந்து வர்ற கூட்டம் இது. பழக்கம்னா என்னன்னு நம்மளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஒரு மெஷின் எல்லாரையும் மாத்திடும்னு நான் சொல்லலை. ஆளுக்கு 20 நிமிடம்னா ரெண்டு மணி நேரத்துல ஆறு பேர். அவ்வளவுதான். ஆனா இன்னைக்கு ஆறு பேர்கூட இல்லையே! அந்த ஆறு பேர் பேசிக்கிற பேச்சு, வெளிய காத்திருக்கிறவங்க நடக்க ஆரம்பிக்கிறது, அதுலதான் எனக்கு நம்பிக்கை.

மெஷின் வந்தா எப்படிப் பயன்படுத்தணும்னு சுருக்கமா எழுதி வைக்கிறேன். வீட்டுல, கொண்டோவுல வச்சிருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும்.

1. முதல் வாரம் 10 நிமிடம் போதும். வாரத்துக்கு 5 நிமிடமாக் கூட்டி 30 நிமிடத்துக்கு வாங்க. ஆரம்பத்துலயும் முடிவுலயும் சில நிமிடம் மெதுவா மிதிங்க. திடீர்னு நிறுத்தி இறங்கினா தலை சுத்தும்.

2. நிமிர்ந்து நில்லுங்க. கைப்பிடி மேல சாய்ஞ்சு தொங்காதீங்க. உடம்புப் பாரத்தைக் கை தாங்கினா கால் சும்மா சுத்தும். திரையில மட்டும் கலோரி ஓடும்.

3. இறுக்கத்தை ரொம்பக் குறைவா வச்சு வேகமாச் சுத்தாதீங்க. அது மெஷின் சக்கரத்தோட வேகம், உங்க உழைப்பு இல்லை. சரியான அளவு தெரியணுமா? மிதிச்சுக்கிட்டே பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேச முடியணும், ஆனா தேவாரம் பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா கூட்டுங்க. பேச முடியலைன்னா குறைங்க.

4. பின்பக்கமா மிதிச்சா முன் தொடைக்கு வேலை கூடும், முட்டிக்கும் பாரம் கூடும். முட்டி வலி உள்ளவங்க முன்பக்கமே மிதிங்க. கால் விரல் மரத்துப் போனா பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைங்க.

5. சேலை, வேட்டி, நீளத் துப்பட்டா வேண்டாம். சக்கரத்துல மாட்டும். சின்னப் பிள்ளைங்களை அறைக்குள்ள விடாதீங்க, விரல் நசுங்கும்.

6. இன்சுலின் போடறவங்க, கிளிக்லாசைட் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்க வெறும் வயித்துல, அதுவும் விரத நாள்ல மிதிக்காதீங்க. கை நடுக்கம், குளிர் வியர்வை, மயக்கம் வந்தா உடனே நிறுத்திட்டு, மூணு தேக்கரண்டி சீனி கலந்த தண்ணியைக் குடிங்க. அந்த அறையில ஒரு டப்பா சீனி நான் வாங்கி வைக்கிறேன்.

7. நெஞ்சு வலி, இதய நோய், கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்பு உள்ளவங்க முதல்ல டாக்டரைக் கேளுங்க. மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கினா அங்கேயே நிறுத்துங்க. வீறாப்பு வேண்டாம்.

8. மெஷின் மட்டும் போதாது, தசைக்கும் வலு வேணும். வாரத்துக்கு ரெண்டு நாள், கையை ஊணாம நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருங்க, பத்து தடவை. முட்டி நல்லா இருக்கிறவங்க பிள்ளையார் முன்னால பேருக்கு மூணு குனி குனியாம, முழுசாத் தோப்புக்கரணம் போடுங்க. அவர் சும்மாவா கேட்டு வாங்கிக்கிறார்!

அப்புறம் தைப்பூசம். பத்துமலையில 272 படி. பினாங்குத் தண்ணிமலையில 500க்கும் மேல. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோவில்ல இருந்து இரதத்தோட நடந்தா பத்துமலைக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்துட்டு, அந்த ஒரு நாள் காவடியைத் தூக்கிக்கிட்டு ஏறறோம். சக்தி கொடுக்கிறவன் முருகன், மறுக்கலை. ஆனா ஏறி முடிச்சு ஒரு வாரம் படுத்துக் கிடக்கிறதை அவன் கேட்கலையே? விரதம் தொடங்கறதுக்கு மூணு மாசம் முன்னாலயே உடம்பைப் பழக்க ஆரம்பிச்சா, அதுவும் விரதத்தோட ஒரு பகுதிதான். எலிப்டிக்கல் மிதிச்சா மட்டும் படி ஏற வந்துடாது, கடைசி ஒரு மாசம் படியும் ஏறிப் பழகணும். ஆனா மூச்சுக்கு அது நல்ல அடித்தளம்.

விரதம்னதும் ஒன்னு சொல்லணும். சைவம் சாப்பிட்டா எடை குறையும்னு நினைக்காதீங்க. 48 நாள் விரதத்துல எடை கூடினவங்களை எனக்குத் தெரியும். பகல் முழுக்கப் பட்டினி, ராத்திரி ரெண்டு தட்டுச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பொரிச்ச சைவ இறைச்சி, சீராப் தண்ணி. இறைச்சி இல்லைங்கிறது விரதம். கலோரி இல்லைங்கிறது இல்லை.

இதுல நாங்க மடப்பள்ளிக்காரங்க செய்ய வேண்டியதும் இருக்கு. பக்தர்களை மிதிக்கச் சொல்லிட்டு, இலையில ஒரு மலைச் சோறும், ரெண்டு வடையும், கேசரியும், பாயசமும் வச்சா அது நியாயம் இல்லை. சோறு முதல்ல ஒரு கரண்டி, வேணும்னா கேட்டு வாங்கட்டும். காய்கறி ரெண்டு வகை தாராளமா. இனிப்பு ஒன்னு போதும், கேசரியோ பாயசமோ. சீராப் தண்ணிக்குப் பக்கத்துல வெறும் தண்ணியும் வைப்போம். உபயக்காரங்க மனசு கோணாம இதைப் பேசி முடிக்கலாம். "வயிறு நிறையச் சாப்பிடு"ன்னு சொல்றது நம்ம பண்பாடு. "நல்லா இரு"ன்னு சொல்றதும் நம்ம பண்பாடுதான்.

உங்க நிலை தெரியணும்னா ஒரு அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல, பெண்களுக்கு 80க்கு மேல போனா கவனம் வேணும். பி.எம்.ஐ. கணக்குலயும் ஆசியர்களான நம்மளுக்கு 23லயே எச்சரிக்கை தொடங்குது. கிளினிக் கெசிஹாத்தான்ல இரத்தத்தைச் சோதிச்சுக்குங்க. 40 வயசைத் தாண்டின பி40 குடும்பத்தாருக்குப் பெக்கா பி40 திட்டத்துல இலவசச் சோதனை இருக்கு. பதிவு செய்யத் தெரியலைன்னா வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் மடப்பள்ளிப் பக்கம் வாங்க, தம்பிகள் கைப்பேசியிலயே பார்த்துச் சொல்வாங்க.

நிர்வாகத்துக்கு என் கோரிக்கை இவ்வளவுதான். ஆறு மாசத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்க. ஒரு பெயர்ப் புத்தகம் வைப்போம். யார் வந்தாங்க, எத்தனை நிமிடம்னு எழுதுவோம். ஆறு மாசம் கழிச்சுப் புத்தகத்தைத் திறந்து பாருங்க. பக்கம் காலியா இருந்தா, நானே லாரி பிடிச்சு அந்த மெஷினை வேற யாருக்காவது கொடுத்துடறேன். நிரம்பியிருந்தா, அதுக்கப்புறம் "கோவில் என்ன ஜிம்மா"ன்னு கேட்கக் கூடாது.

கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்க நிதி திரட்டறோம், கும்பாபிஷேகத்துக்கு நாள் பார்க்கிறோம். ரொம்ப நல்லது. அந்தக் கும்பாபிஷேகத்தைப் பார்க்க நாம எல்லாரும் இருக்கணும். சொந்தக் கால்ல நின்னு, கையைத் தூக்கிக் கும்பிடற நிலையில இருக்கணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வாங்க. ஆதரவோ மறுப்போ, நேர்ல வந்து சொல்லுங்க. பெயர் கொடுக்க விரும்பறவங்க கீழ "நான் வர்றேன்"னு எழுதுங்க. முதல் ஆறு பேர் யாருன்னு பார்ப்போம்.

ஓம் சரவணபவ.